ராஜாவுக்கு ஒரு தாண்டல்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசுக் கிண்ணங்கள் மேசையில் பளபளவென்று நிற்கின்றன. பிள்ளைகளின் கண்ணெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அவர்களைக் காக்க வைத்துவிட்டு நீட்டி முழக்குவது நியாயமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வழக்கு என் காதுக்கு வந்துவிட்டது. அதற்குத் தீர்ப்புச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

வழக்கு இதுதான். நம் பள்ளிச் சதுரங்கக் குழுவில் ஆடும் பையன் ஒருவன். அவன் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை விற்றுச் செம்பனை வைத்த பிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பலகை போட்டு உட்கார்ந்தார்கள். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் தாத்தா தம் ராஜாவை எடுத்துக் குதிரை போலத் தாண்டி வைத்தார். பையன் சும்மா இருப்பானா? "தாத்தா கள்ளாட்டம் ஆடுறாரும்மா!" என்று அடுப்படிக்குக் குரல் கொடுத்தான். தாத்தா ஒன்றும் பேசவில்லை. காய்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டார், எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பலகையைத் தொடவே இல்லை என்று வீட்டார் சொல்கிறார்கள்.

சின்ன விஷயந்தானே என்று நினைக்காதீர்கள். வெளிறுமுன் பெரட்டுக்கு நின்று, பொழுதெல்லாம் உழைத்து, அந்தியில் லயத்து வாசலில் உட்கார்ந்து ஆடக் கற்றுக்கொண்ட ஒரு மனிதரைக் கள்ளாட்டக்காரர் என்று அவருடைய பேரனே சொல்லிவிட்டான். பையனையும் குற்றம் சொல்ல முடியாது. போட்டியில் அவன் அப்படித் தாண்டினால் நடுவர் காயைத் திருப்பி வைக்கச் சொல்வார். அவன் படித்த புத்தகத்தில் ராஜா எட்டுத் திக்கிலும் ஒரே ஒரு கட்டந்தான் நகரும்.

அப்படியானால் யார் சொல்வது சரி? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மூலையில் நிற்கும் காயை நம்மில் சிலர் யானை என்கிறோம், சிலர் கோட்டை என்கிறோம். இன்றைக்கு நான் அதைத் தேர் என்றே சொல்லப் போகிறேன். காரணம் இருக்கிறது. நம் மலாய் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் இந்த ஆட்டத்தைச் 'சாத்தூர்' என்பார்கள் (விருதுநகர்ப் பக்கத்துச் சாத்தூர் இல்லை, சதுரங்கம் என்ற சொல்லின் பேரப்பிள்ளை). மூலைக் காய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'தீர்'. அது நம்முடைய 'தேர்' என்ற சொல்லிலிருந்து போனது என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். 'மந்திரி' வடமொழி வழி வந்தது. சிப்பாயை அவர்கள் 'பீடாக்' என்பது அரபுச் சொல். ராஜாவுக்குச் செக் வைக்கும்போது சொல்லும் 'சா' பாரசீகம். ஆக, கடல் கடந்து வந்த நாலு மொழிக்காரர்கள் அந்தப் பலகையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் நம்முடைய தேருக்கு மூலையில் ஓர் இடம். நம் பாட்டன்மார்கள் பால்மரம் வெட்டக் கப்பலேறி வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே தமிழ்ச் சொல் ஒன்று இங்கே வந்து குடியேறிவிட்டது. சதுரங்கம் என்பதே தேர், யானை, குதிரை, காலாள் என்ற நான்கு அங்கம் உள்ள படைதான்.

இனி ராஜாவின் கதை.

இந்தியாவில் பழைய முறையில் ஆடியவர்களுக்கு ஒரு விதி இருந்தது. ராஜா ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை குதிரைத் தாண்டல் தாண்டலாம். ஆனால் அதற்கு முன்பு அவருக்குச் செக் விழுந்திருக்கக் கூடாது. ஒரு தடவை செக் வாங்கிவிட்டால் அந்த உரிமை போயிற்று. தாண்டும்போது எதிரியின் காயை வெட்டக் கூடாது என்று சில இடங்களில் கட்டுப்பாடு உண்டு. சிப்பாய்களும் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் ஓடுவதில்லை, ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும். ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வேறுபாடுகள் இருந்தன. ஆங்கிலேய அறிஞர் மர்ரே 1913-ஆம் ஆண்டு வெளியிட்ட சதுரங்க வரலாற்று நூலில் இந்திய ஆட்ட முறைகளையெல்லாம் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்.

கம்போடியாவுக்குப் போனால் அங்கேயும் இதன் உறவுக்காரர் இருக்கிறார். 'ஓக்' என்ற அவர்களுடைய சதுரங்கத்தில் ராஜா தம் முதல் நகர்த்தலில், செக் விழாமல் இருந்தால், குதிரை போலப் பக்கவாட்டில் தாண்டலாம். இன்றும் ஆடுகிறார்கள்.

ஆக, அந்தத் தாத்தா கள்ளாட்டம் ஆடவில்லை. பேரன் கற்றதைவிடப் பழைய ஓர் ஆட்டத்தை அவர் ஒழுங்காக ஆடியிருக்கிறார். கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த ஆட்டத்தில் அவருடைய ராஜாவுக்கு அதற்கு முன்பு செக் விழுந்திருந்ததா? பையனைக் கேட்டேன். "ஞாபகமில்ல சார்," என்றான். சரி, சந்தேகத்தின் பலனைத் தாத்தாவுக்கே கொடுத்துவிடுவோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ராஜாவுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு சலுகை? எல்லா நாட்டிலும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது ராஜா பலகையின் நடுவில் நிற்கிறார். சண்டை நடப்பதும் நடுவில்தான். அவரோ ஒரு கட்டத்துக்கு மேல் நடக்க முடியாதவர், வயதானவர் போல. அவரைப் பாதுகாப்பாக ஓர் ஓரத்துக்குக் கொண்டு போக வேண்டும். நடந்து போனால் மூன்று நான்கு நகர்த்தல் வீணாகும். ஐரோப்பாவில் 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மந்திரியின் இடத்தில் நின்ற காய்க்கு, அதாவது இன்றைய ராணிக்கு, பலகை முழுவதும் பாய்கிற சக்தி கொடுத்தார்கள். அதோடு ராஜா நடுவில் நிற்பது உயிருக்கே ஆபத்தாகிவிட்டது. அதற்கு முன்பே அங்கே ராஜா முதல் நகர்த்தலில் மட்டும் இரண்டு கட்டம் தாண்டலாம், சில நாடுகளில் குதிரைத் தாண்டலும் தாண்டலாம் என்று விதி இருந்தது. அந்தத் தாண்டலும் தேரின் ஒரு நகர்த்தலும் சேர்ந்து ஒன்றாகி, 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் நாம் இப்போது 'கோட்டை கட்டுதல்' என்று சொல்கிற விதியாக உருவெடுத்தது.

அதாவது உங்கள் புத்தகத்திலுள்ள கோட்டை கட்டும் விதியும் தாத்தாவின் தாண்டலும் ஒரே நோய்க்கு இரண்டு வைத்தியர் கொடுத்த மருந்து. இன்னும் வேடிக்கை கேளுங்கள். இத்தாலி நாட்டுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரைக்கும் மற்றவர்களோடு சேராமல் தங்கள் இஷ்டம் போலக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ராஜாவையும் தேரையும் இடையிலுள்ள கட்டங்களில் தங்களுக்குப் பிடித்தபடி வைப்பார்கள். வெளியூரார் வந்தால் ஆட்டம் தொடங்குமுன் எந்த விதி என்று பேசித்தான் உட்கார வேண்டும். அவர்களை யாரும் கள்ளாட்டக்காரர்கள் என்று சொல்லவில்லை!

பலகை கையில் இல்லாவிட்டாலும் மனத்தில் வைத்துப் பாருங்கள். கோட்டை கட்ட வேண்டுமென்றால் ராஜாவுக்கும் தேருக்கும் நடுவில் நிற்கிற இரண்டு காய்களும் வெளியே போயிருக்க வேண்டும். அதில் குறுக்கே போகிற காய்க்கு வழிவிட ஒரு சிப்பாயையும் நகர்த்த வேண்டும். குறைந்தது மூன்று நகர்த்தல், நாலாவதில் கோட்டை. தாத்தாவின் முறையில் ராஜா தம் முதல் இடத்திலிருந்து குதிரைத் தாண்டலில் போகக்கூடிய கட்டங்கள் நாலு. இரண்டு மூன்றாம் வரிசையில், வெட்டவெளியில் இருக்கின்றன. அங்கே போவது தற்கொலை. மற்ற இரண்டும் சிப்பாய்கள் நிற்கிற இரண்டாம் வரிசையில். ஆகவே அந்தச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளிவிட்டு, அது விட்டுப்போன குழிக்குள் ராஜா குதித்துவிடுவார். இரண்டே நகர்த்தலில் காரியம் முடிந்தது. ஆனால் தேர் அங்கேயே மூலையில் கிடக்கும், அதை நீங்கள்தான் பிறகு வெளியே கொண்டுவர வேண்டும். கோட்டை கட்டினால் ராஜாவும் ஒளிவார், தேரும் களத்துக்கு வரும். ஒன்றில் வேகம், இன்னொன்றில் இரட்டை லாபம்.

செக் விழுந்தால் தாண்டும் உரிமை போய்விடும் என்றேன் அல்லவா? அந்தச் சின்ன நிபந்தனையில்தான் இந்த விதியின் மூளையே இருக்கிறது. அது இல்லையென்றால் என்னாகும்? ராஜா பின்வரிசையில் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறார். எதிரியின் தேர் அந்தப் பின்வரிசைக்கு இறங்கிச் செக் வைக்கிறது. பக்கத்தில் போனாலும் செக், முன்னே போகத் தம் சிப்பாய்களே தடை. மாட்! ஆட்டம் முடிந்தது. நம் குழந்தைகள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற மாட் இது. செக் விழுந்த நேரத்திலும் தாண்டலாம் என்று விதி வைத்தால், ராஜா தம் சிப்பாய்களின் தலைக்கு மேலே குதித்து மூன்றாம் வரிசைக்குப் போய்விடுவார். மாட் காணாமல் போகும். இன்னொன்று, ராஜா மூலையில், பக்கத்தில் சொந்தத் தேர், முன்னால் சொந்தச் சிப்பாய்கள். மூச்சுவிட இடமில்லை. அப்போது எதிரியின் குதிரை வந்து செக் வைக்கிறது. சதுரங்கத்தில் இதைவிட அழகான முடிவு கிடையாது என்பது என் கட்சி. செக்கில் தாண்டலாம் என்றால் அதுவும் போச்சு.

பழைய ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் ஆடி ஆடிப் பார்த்துத்தான் 'செக் விழுமுன்' என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். ஆபத்து வருமுன் இடம் மாறத்தான் அந்தத் தாண்டல். வந்தபின் தப்பி ஓடுவதற்கு அது உதவாது.

'ஒரே ஒரு தடவை' என்ற வரம்புக்கும் கணக்கு இருக்கிறது. கணக்கில் பரிசு வாங்கப் போகிற பிள்ளைகள் விரலை மடக்குங்கள். பலகையின் நடுவில் ராஜாவுக்கு 8 கட்டம். குதிரைத் தாண்டலும் எப்போதும் உண்டென்றால் இன்னொரு 8, ஆக 16. ஓரத்தில் சாதாரணமாக 5, தாண்டலோடு 9. மூலையில் 3, தாண்டலோடு 5. ஒரு ராஜாவை மாட் செய்வதென்றால் அவர் நிற்கிற கட்டத்தையும் அவர் போகக்கூடிய எல்லாக் கட்டத்தையும் மூட வேண்டும். ஓரத்தில் 6 கட்டத்தை மூடுவதற்கும் 10 கட்டத்தை மூடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ஆட்டத்தின் கடைசியில் கையில் இரண்டு மூன்று காய்தான் மிஞ்சியிருக்கும். ராஜாவை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ராத்திரிக் கூத்து மாதிரி விடியும் வரைக்கும்.

மற்ற நாட்டார் ராஜாவை எப்படியெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். ஈப்போப் பழைய பட்டணத்துக் கோப்பிக் கடைப் பக்கம் போனால் சீனப் பெரியவர்கள் வட்ட வட்டக் காய்களை டொக் டொக்கென்று அடித்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் ராஜாவுக்குப் பதில் தளபதி. அவருக்கு ஓர் அரண்மனை உண்டு, ஒன்பது புள்ளிகள். அதைவிட்டு அவர் வெளியே காலடி வைக்கக் கூடாது. குறுக்காகவும் நடக்கக் கூடாது. பங்களாக் கேட்டைத் தாண்டாத துரை மாதிரி! இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு தளபதிகளும் இடையில் ஒரு காயும் இல்லாமல் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. இதனால் அரண்மனையை விட்டு நகராத தளபதி, பலகையின் அந்தக் கோடி வரைக்கும் பார்வையாலேயே ஒரு பாதையை அடைத்துவிடுகிறார். ராஜாவுக்கு நடையைக் குறைத்து, பார்வையைக் கூட்டியிருக்கிறார்கள். என்ன புத்தி பாருங்கள்!

தைமூர் பெயரால் வழங்கும் பெரிய சதுரங்கத்தில் பலகைக்கு வெளியே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனிக் கட்டங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். தோற்கப் போகிற ராஜா எதிரியின் அந்தக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ஆட்டம் சமம். அடைக்கலம் புகுந்தவரை வெட்டக் கூடாதாம். பழைய அரபு ஆட்டத்தில் வேறு கணக்கு. எல்லாக் காயையும் இழந்து ராஜா தன்னந்தனியாக நின்றாலே தோல்வி, மாட் செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. 1972-இல் புரூஸ் ஸிம்மர்மன் என்பவர் ராஜாவைக் குதிரை மாதிரியே நடக்கவிட்டு, குதிரைகளின் இடத்தில் ராஜா போல நடக்கிற காய்களை வைத்து ஓர் ஆட்டம் செய்தார். இதையெல்லாம் சொல்வது, விதி என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான்.

இப்போது நம் ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. தென்னாட்டிலிருந்து பம்பாய் போன திருவேங்கடாச்சாரியார் சாஸ்திரி என்பவர் எழுதிய சதுரங்க நூல் 1814-இல் அங்கே ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஐரோப்பிய முறைக்கு ஏற்றது என்று நூலின் தலைப்பிலேயே போட்டிருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவர் தம் ஊர் முறையைக் கற்று, பிறகு அயலார் முறையையும் கற்று, அயலாருக்கே பாடம் எழுதியிருக்கிறார்.

அடுத்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். இந்திய முறையிலேயே வளர்ந்தவர். சிப்பாய் ஒரு கட்டம், கோட்டை கிடையாது. ஐரோப்பிய விதிகளை வயது வந்த பிறகுதான் கற்றார். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலக்கிழாரின் ஆதரவில் இங்கிலாந்து போனார். போன இடத்தில் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930-31 போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார். ஆட்டத் தொடக்கத்தில் அவர் தடுமாறுவார் என்று சொல்வார்கள். விதி மாறினால் தொடக்கந்தானே முதலில் மாறும்? நடு ஆட்டத்துக்கும் கடைசிக்கும் வந்துவிட்டால் பிடிக்க முடியாது. அதே வீட்டிலிருந்து போன ஃபாத்திமா என்ற பெண் 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார். மாணவிகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்! சுல்தான் கான் 1966-இல் இறந்தார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது எப்போது தெரியுமா? 2024-இல். ஐம்பத்தெட்டு ஆண்டு தாமதம்! நம் பரிசளிப்பு விழா அரைமணி நேரம் பிந்தியதற்கு முணுமுணுத்தவர்கள் மன்னிக்க.

தாத்தாவின் ஆட்டத்தை ஆடினால் மூளை மழுங்கிவிடும், போட்டிக்கு உதவாது என்று சொல்லும் பெற்றோருக்கு நான் சுல்தான் கானைத்தான் காட்டுவேன்.

இன்னொரு செய்தி. இன்றைக்கு உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களே ராஜாவின் விதியை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார்கள். ரஷ்ய நாட்டு முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் 2019 டிசம்பரில் ஒரு யோசனை சொன்னார். கோட்டை கட்டும் விதியையே எடுத்துவிடுவோம் என்றார். ஏன்? கணினி வந்த பிறகு எல்லாரும் முதல் இருபது நகர்த்தலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். ராஜா சட்டென்று ஓரத்தில் ஒளிந்துகொள்கிறார். ஆட்டம் சமமாகிவிடுகிறது, பார்ப்பவருக்குக் கொட்டாவி வருகிறது. ராஜாவை நடுவிலேயே நிறுத்தினால் இருவரும் தம் மூளையைத்தான் நம்ப வேண்டும். ஆல்பாசீரோ என்ற கணினியைக் கொண்டு இது உட்பட 9 விதிமாற்றங்களைச் சோதித்து 2020-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கணினி தனக்குத் தானே ஆயிரக்கணக்கில் ஆடிப் பார்த்தது. நம் பழையவர்கள் திண்ணையில் தலைமுறை தலைமுறையாகச் செய்ததை அது மின்சாரத்தில் செய்தது, அவ்வளவுதான்.

கோட்டை இல்லாத இந்த ஆட்டத்துக்கு முதல் போட்டி எங்கே நடந்தது? நம் சென்னையில், 2020 ஜனவரியில். பத்து ஆட்டத்தில் ஏறத்தாழ ஒன்பது வெற்றி தோல்வியாகவே முடிந்தது. 2021 ஜூலையில் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் கிராம்னிக்கும் நம் விசுவநாதன் ஆனந்தும் இதே விதியில் நாலு ஆட்டம் ஆடினார்கள். யோசனை சொன்னவர் கிராம்னிக், ஜெயித்தவர் ஆனந்த், இரண்டரைக்கு ஒன்றரை! மயிலாடுதுறையில் பிறந்து, 5 முறை உலகச் சாம்பியன் ஆன மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் புது விதியைக் கற்று ஆடுகிறார் பாருங்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதை உங்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்லி நேரத்தைக் கடத்தவில்லை.

சரி, நாமும் ஒரு விதி செய்ய முடியாதா? ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் போன மாதம் இதைக் கேட்டேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாணவி, 'ராஜா ஒரு தடவை தம் சிப்பாய் எதனோடும் இடம் மாறிக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தாள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏழாம் வரிசைக்குப் போய்விட்ட சிப்பாயோடு மாறினால்? ராஜா எதிரியின் வாசலில் போய் நிற்பார், சிப்பாய் வீட்டுக்குத் திரும்பும். யாருக்கு லாபம்? அவளையே ஆடிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்து 'முதல் மூன்று வரிசைச் சிப்பாயோடு மட்டும்' என்று தானே திருத்திக்கொண்டாள். ஒரு பையன், 'ராஜா எப்போதும் இரண்டு கட்டம் நடக்கலாம்' என்று எழுதினான். அதில் மாட் செய்ய முடியாமல் ஒரு மத்தியானம் முழுக்க இரண்டு பேர் மல்லுக்கட்டி, கடைசியில் பந்து விளையாடப் போய்விட்டார்கள். இன்னொருவன், 'பெரட்டு' என்று பேர் வைத்து ஒரு விதி எழுதினான். ராஜா பத்தாவது நகர்த்தலுக்குள் தம் வீட்டுக் கட்டத்தை விட்டுக் கிளம்பவில்லையென்றால் தாண்டும் உரிமை போய்விடும். நேரத்துக்கு வராதவனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை என்று கங்காணி சொன்ன கதையை வீட்டில் கேட்டிருப்பான் போலிருக்கிறது! மூன்றில் இதுதான் எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. பத்து என்பதை எட்டாகக் குறைக்கலாமா என்பது மட்டும் சந்தேகம்.

விதி செய்கிறவன் நாலு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். எத்தனை தடவை? செக் விழுந்த பிறகும் உண்டா? தாண்டுகிற இடத்தில் எதிரி நின்றால் வெட்டலாமா? தாண்டிப் போகிற வழியில் செக் இருந்தால்? கோட்டை கட்டும்போது ராஜா செக் விழுகிற கட்டத்தின் வழியாகப் போகக் கூடாது. குதிரைத் தாண்டலுக்கு வழியே கிடையாது, ஒரே குதி. ஆனால் சிலர் அதற்கும் வரம்பு வைக்கலாம். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாத விதி என்றால் ஆட்டக்காரன் சண்டை போடுவான், விளையாட மாட்டான். எழுதிய பிறகு வெள்ளையும் கறுப்பும் மாற்றி மாற்றி இருபது ஆட்டமாவது ஆடிப் பார்க்க வேண்டும்.

இதே நாலு கேள்வியைத்தான் நான் பெரியவர்களிடமும் கேட்கச் சொல்கிறேன். பெற்றோர்களே, இது உங்களுக்கான வேலை. தோட்டங்கள் பல போய்விட்டன. லயங்கள் இடிந்து, அந்த இடத்தில் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்துவிட்டன. ஒரே திண்ணையில் ஆடியவர்கள் இன்று ஈப்போவில் ஒருவர், சுங்கை சிப்புட்டில் ஒருவர், கோலகங்சாரில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். மர்ரே இந்தியாவின் விதிகளைத் தேடி எழுதினார். பேராக் தோட்டத்து லயங்களில் நம்மவர் எப்படி ஆடினார்கள் என்று யார் எழுதுவது? ஆடுபுலி ஆட்டம், தாயம், பல்லாங்குழி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். பத்து ஆண்டு போனால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். உங்கள் அப்பாவிடம், தாத்தாவிடம், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் உட்காருங்கள். "உங்க ஆட்டத்துல ராஜா எப்படிப் போவாருங்கய்யா?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஊர், தோட்டத்தின் பெயர், யாரிடம் கற்றார் என்பதையும் குறித்து, ஆசிரியர் அறையில் கொடுங்கள். ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப் போகாவிட்டால் திருத்த வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் நாலு பக்கம் ஒதுக்கித் தருவதாகத் தலைமையாசிரியர் இப்போதுதான் தலையாட்டினார், நீங்கள் எல்லாரும் சாட்சி.

வழக்குக்கு வருகிறேன். பையனுக்கு என் தீர்ப்பு இது. போட்டிக்குப் போனால் புத்தக விதிப்படி ஆட வேண்டும், அதில் மாற்றமில்லை. வீட்டில் தாத்தாவோடு உட்கார்ந்தால் முதல் காயைத் தொடுவதற்கு முன்பே, "இன்னைக்கு யார் விதி தாத்தா?" என்று கேட்க வேண்டும். ஒரு ஆட்டம் அவர் விதி, அடுத்த ஆட்டம் இவன் விதி. தாத்தா இன்று மண்டபத்துக்கு வந்திருக்கிறார், மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவரை எழுந்து நிற்கச் சொல்லிச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

பரிசு கொடுத்து முடிந்ததும், தேநீர் கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஆறு மேசை போட்டிருக்கிறோம். நாலில் புத்தக விதி. ஐந்தாவதில் கோட்டை கிடையாது. ஆறாவது மேசையில் பழைய விதி. சிப்பாய் ஒரு கட்டம், ராஜாவுக்குச் செக் விழுமுன் ஒரே ஒரு தாண்டல், தாண்டும்போது வெட்டு இல்லை. அந்த மேசைக்கு நடுவராகத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரைத்தான் உட்கார வைக்கப் போகிறோம். யார் என்று இப்போது சொல்ல மாட்டேன். அங்கே கறுப்புக் குதிரை ஒன்று காணவில்லை, பதிலுக்கு ஒரு கித்தாக் கொட்டை வைத்திருக்கிறோம். யாரும் அதைச் சிப்பாய் என்று நினைத்துவிடாதீர்கள்.